உப்பு லாரிக்குள் இருபத்து மூன்று கிராம்

டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. புது செல் போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அதனால் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது சுவர்க் கடிகாரத்தின் மேல்தான். யாரோ ரிமோட்டிலிருந்த புது செல்லை எடுத்துக் கடிகாரத்தில் போட்டுவிட்டு, கடிகாரத்தின் செத்துப்போன செல்லை ரிமோட்டில் வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் என்னை விட்டால் இருப்பது என் மனைவி ஒருத்திதான். நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அதில் இருந்தது வேறு கம்பெனி செல். "என்னா, திருடன் ஆப்ட்டானா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நான் கீழே இறங்கினேன்.

அதன் பிறகுதான் ரிமோட்டின் மூடியைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்பிரிங் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மூக்கில் ஏறும் ஒரு காரல் வாசனை. மரக்காணத்துக்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் காற்று சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும், இரும்புக் கட்டிலின் காலைத் தின்னும். ரிமோட் எம்மாத்திரம்? ஆனால் அந்தக் காரல் வாசனை என்னை அப்படியே நிற்க வைத்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் துணி மூடி வைத்திருக்கும் லாரியை நிமிர்ந்து பார்த்தேன். சவரியின் ஞாபகம் வந்தது.

என் சந்தேக புத்திக்கு என் பிறப்பைக் குறை சொல்லக் கூடாது. வேலைதான் காரணம். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, உப்பளச் சாலையில் இருந்த எடைமேடையில். தகரக் கூரை போட்ட சின்ன அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே லாரி. வெற்று லாரியாக ஒரு தடவை ஏறும், உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு தடவை ஏறும். வெற்று எடை எடுக்கும்போது கிளீனர் இறங்காமல் உள்ளேயே படுத்திருப்பான். பாரத்தோடு வரும்போது மாயமாகிவிடுவான், அவன் கனத்துக்கு உப்பு கணக்கில் குறையும். ஒரு நாள் இருந்த ஸ்டெப்னி டயர் மறுநாள் இருக்காது. இப்படி ஐந்து வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் பஸ் கண்டக்டர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றும்.

இன்னொரு சண்டையும் அடிக்கடி வரும். மழைக்காலத்தில் அளத்துக்குப் பக்கத்தில் உப்போடு இரண்டு நாள் நின்றுவிட்ட லாரி, எடை போட்டால் முன்னைவிடக் கனம் காட்டும். டிரைவர்கள் மிஷின் தப்பு என்று குதிப்பார்கள். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி ஜன்னலில் சாய்ந்துகொண்டு விளக்குவேன். "மிஷின் ஒண்ணும் தப்பா காட்டலண்ணே. உப்பு காத்துல இருக்கிற தண்ணிய குடிக்குது. குடிச்சா கனம் ஏறத்தானே செய்யும்?" இதை எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஒன்றை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சவரிராஜ் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தான். தலைவலி மாத்திரை வாங்கப் போன என்னிடம் அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தான். வெட்டிய துண்டில் காலாவதித் தேதி இல்லை. "தேதி இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க" என்றேன். அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரித்தான். "நீங்க வேபிரிட்ஜ்ல இருக்கிறவர்தானே? அதான பாத்தேன்." தேதியுள்ள பக்கத்தை வெட்டிக் கொடுத்தான். கல்லாவுக்குப் பின்னால், இருமல் மருந்து பாட்டில்களுக்கு நடுவில், ஒரு சிவப்பு டிராக்டர் நின்றிருந்தது. ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளால் செய்தது. குழந்தைகளுக்கு வாங்கித் தருவோமே, அதே கட்டைகள்தான். ஆனால் ஸ்டியரிங் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது. "இது ஓடுமா?" என்றேன். "ஓட வெக்கணும்ங்க. மோட்டார் உள்ள போவ மாட்டேங்குது" என்றான்.

இருபத்தேழு வயதில் இரண்டு ஆண்பிள்ளைகள் பொம்மைக் கட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊர் என்ன நினைத்ததோ தெரியாது. மெடிக்கலுக்குப் பின்னால் இருந்த அவன் அறையில் மாலை முழுக்க அதுதான் வேலை. எங்கள் லட்சியம் ஒரு டிப்பர் லாரி. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைச் சுமந்துகொண்டு சரிவான பலகையில் ஏற வேண்டும். மோட்டார் வேகமாகச் சுற்றுமே தவிர அதற்கு இழுவை கிடையாது. அதனால் எட்டுப் பல் சக்கரத்தை மோட்டாரில் மாட்டி, அது இருபத்து நான்கு பல் சக்கரத்தைச் சுற்றும்படி வைத்தோம். வேகம் மூன்றில் ஒன்றானது, பலம் வந்தது. பலம் வந்ததும் வேறு தொல்லை. பாரம் ஏறியதும் கட்டைகள் வாயைப் பிளந்துகொண்டன. குறுக்குச் சட்டம் கொடுத்து, மேலும் கீழும் இறுக்கிப் பூட்ட வேண்டியிருந்தது.

மோட்டாரின் தண்டு உருண்டை. கட்டையின் அச்சோ கூட்டல் குறி மாதிரி. இரண்டையும் சேர்க்க ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பசை போட்டோம், பிய்ந்துகொண்டது. ஒரு நாள் சவரி குளுக்கோஸ் ஏற்றும் டியூபில் ஒரு துண்டை வெட்டி, வெந்நீரில் போட்டு, இளகியதும் இரண்டு பக்கமும் செருகி, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டினான். ஆறியதும் உடும்புப் பிடி. அன்றைக்கு நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு நாள் இந்த யோசனையை ஏன் சொல்லவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டேன். என் லட்சணம் அப்படி.

என் பங்கு எடை. ஆறு செல் பிடிக்கும் பேட்டரிப் பெட்டிதான் லாரியிலேயே கனமான சாமான். அதைப் பின்னால் தள்ளி வைத்தால் சரிவில் முன்சக்கரம் தூக்கும், முன்னால் வைத்தால் பின்சக்கரம் வழுக்கும். பின் அச்சுக்குச் சற்று முன்னால், அதுவும் தாழ்வாக வைக்க வேண்டும் என்று சொன்னது நான். அதிலிருந்து நான் வைத்ததே சட்டம். சவரி அழகுக்கு ஒரு ஹாரன் வைத்தால் பிடுங்குவேன். ஏணி வைத்தால் பிடுங்குவேன். "ஏம்பா, ரெண்டு கிராம்பா அது!" என்று கெஞ்சுவான். "ரெண்டு ரெண்டா சேந்துதான் ஓவர்லோடு ஆவுது" என்பேன். கடைசியில் லாரி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராமில் நின்றது.

பழைய மோட்டார் திணறியதால் இரண்டு பேருமாகப் புதுச்சேரிக்குப் போய் உலோகப் பல் வைத்த ஒரு மோட்டார் வாங்கிவந்தோம். நல்ல சரக்கு. பொருத்துவதற்கு முந்தைய இரவு அது என்னிடம் இருந்தது. ஒரு குண்டூசியால் அதன் அடிப்பக்கத்தில் மூன்று கீறல் போட்டு வைத்தேன். பழக்க தோஷம். சவரியிடம் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் புதுச்சேரியில் ஒரு மண்டபத்தில் இதுபோன்ற பைத்தியங்கள் முப்பது நாற்பது பேர் கூடுவதாக ஏற்பாடு. கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சவரி, "ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும், கடைசி வேல கொஞ்சம் இருக்குது" என்று லாரியை வாங்கி வைத்துக்கொண்டான். திருப்பித் தரும்போது சட்டங்கள் எல்லாம் முன்பைவிட இறுக்கமாகப் பூட்டியிருந்தன. "இனிமே தெறக்காதப்பா. தெறந்தா தளந்துடும்" என்றான்.

திறக்காதே என்று எடைமேடைக்காரனிடம் சொல்லலாமா? வீட்டுக்கு வந்ததும் தராசில் வைத்தேன். ஆயிரத்து நானூற்று முப்பது. பதினெட்டு கிராம் கூடுதல். என் மனது உடனே மோட்டாருக்குப் போனது. நல்ல மோட்டாரை எடுத்துவிட்டு ஏதோ மட்டமான, கனமான மோட்டாரைப் போட்டுவிட்டான். போன வாரம்கூட அவன், "இந்த மாதிரி இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்டானே! தனியாக ஒரு வண்டி கட்டுகிறான் போலிருக்கிறது. அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவான் என்பது எங்கள் தொழில் பாடம்.

மறுநாள் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று. அடுத்த நாள் முப்பத்து மூன்று. நாள்காட்டியின் கட்டங்களில் பென்சிலால் சின்னதாக எழுதிக்கொண்டேன். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது, அளமெல்லாம் தண்ணீர். முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. லாரி இருந்ததோ என் அலமாரிக்குள், சாவி என் அரைஞாணில். அப்படியிருந்தும் எடை ஏறுகிறது என்றால் வேறு எவனாக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? சவரியிடம் என் அலமாரிக்கு இன்னொரு சாவி இருக்கிறது.

கூட்டத்தன்று அவன் பைக்கில்தான் போனோம். லாரி என் மடியில், பாலிதீன் பைக்குள். பொம்மையார்பாளையம் தாண்டும்வரை அவன் பேசிக்கொண்டே வந்தான், நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் எங்களுக்கு ஒரு மேஜை கொடுத்தார்கள். சவரி டீ வாங்கப் போனான். அடுத்த மேஜைக்காரர், கண்ணாடி போட்ட ஒரு நல்ல மனிதர், பேச்சுக்கு ஒன்றைச் சொன்னார். "சவரி போன வாரம் போன்ல மோட்டார் பத்தியே கேட்டுட்டு இருந்தாருங்க."

அவ்வளவுதான். என் கை தானாக லாரியைக் கவிழ்த்தது. சட்டத்தைப் பிடுங்கினேன். குறுக்குக் கட்டையைப் பிடுங்கினேன். பேட்டரிப் பெட்டி வெளியே வந்தது. அதற்குப் பின்னாலிருந்து மேஜைமேல் பொத் பொத்தென்று சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் விழுந்தன. மாத்திரை டப்பாவுக்குள் இருக்குமே, சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கும், ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம். அதுதான். ஒன்பது இருந்தன. மோட்டாரையும் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் மூன்று கீறல், நான் போட்டது போட்டபடி இருந்தது.

சவரி இரண்டு கையிலும் டீயோடு நின்றிருந்தான்.

"என்னா தேடுற?"

"எடை கூடிச்சி."

"எவ்ளோ?"

"இருபத்து மூணு."

"நான் வெச்சது பதினெட்டு. மிச்சம் தண்ணி. காத்துல இருந்து குடிச்சிருக்குது." டீயை மேஜை ஓரத்தில் வைத்தான். "மோட்டார்கிட்ட ஒயரு பச்ச பூக்க ஆரம்பிச்சிட்டுது. அதான் இன்னொண்ணு கெடைக்குமான்னு உன்ன கேட்டேன். இவர்கிட்ட கேட்டேன். ஈரம் போவாம பாத்துக்குங்கன்னாரு. உங்கிட்ட சொன்னா வெக்க வுடுவியா நீ? ரெண்டு கிராம் ஹாரனுக்கு அந்தச் சண்ட போட்டவன்."

உப்பு தண்ணீர் குடிக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். அப்போது எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் அதையும் விழுங்கிக்கொண்டேன். அதோடு முடிந்திருந்தால்கூட அவன் சிரித்து மறந்திருப்பான். ஆனால் மோட்டார் இன்னும் என் கையில் கவிழ்ந்தே இருந்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"இது யாரு கீறுனது?"

நான் கட்டை விரலால் கீறலை மறைத்தேன்.

"ஃபிட் பண்ணப்புறம் அடியில கை போவாது. இது அதுக்கு முன்னாடியே கீறுனதாச்சே. வாங்கியாந்த அன்னிக்கேவா?"

அவன் மோட்டாரை வாங்கி உள்ளே வைத்தான். இருபது நிமிஷத்தில் லாரியை மறுபடி பூட்டி முடித்தான். பொட்டலங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம் லாரி ஒரு கிலோ உப்போடு பலகையின் உச்சிவரை ஏறியது. மண்டபமே கை தட்டியது. டீ ஆறிப்போயிருந்தது, இரண்டு பேருமே குடிக்கவில்லை.

திரும்பி வந்து என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். நான் லாரியை நீட்டினேன், மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதில் அடுத்தது அவன் முறைதான். "நீயே வெச்சிக்கப்பா. எப்ப வேணா எடை போட்டுப் பாத்துக்கலாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை மாத்திரை வாங்கப் போனேன், பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்று. ஒவ்வொரு தடவையும் நான் கேட்காமலேயே தேதியுள்ள பக்கமாக வெட்டி, தேதி எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்தான். "பாத்துக்குங்க" என்றான். ‘நீ’ போய் ‘நீங்க’ ஆகியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் லாரி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் ஒயர் முழுக்கப் பச்சை.

மெடிக்கல் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். சவரி வானூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எடைமேடையில் இப்போது கேமரா இருக்கிறது. கிளீனர் எங்கே படுத்திருக்கிறான் என்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது, என்னைப் போல ஒருவன் தேவையில்லை. டிப்பர் கட்டிய காலத்துச் சாமான்களில் மிஞ்சியது அந்த லாரி ஒன்றுதான்.

ரிமோட்டை அப்படியே போட்டுவிட்டு அதைக் கீழே இறக்கினேன். தூசி தட்டி, சமையலறைத் தராசில் வைத்தேன். "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. நான் தராசு காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதோ எடுத்துவிட்ட ஆறு செல்லைச் சேர்த்துக்கொண்டால் அதே ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வைத்துப் பார்க்கிறேன், ஒரு கிராம்கூட ஏறுவதில்லை. எனக்குத் தெரியாமல் அதற்குள் எதையாவது வைப்பதற்கு இப்போது யாரும் இல்லை.