லாரிக்கு மேலே போட்ட குறுக்குச் சட்டம்

பட்டாசுக் கம்பெனி முதலாளி சுப்பையா அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது விருதுநகர் பஸ் நிலையத்தில். பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி, “இவன் ஒரு குச்சிய வச்சு என் வாய அடைச்சவன்” என்றார். தண்ணீர்த் தொட்டிக்கு இரும்புக் கால் நடுகிற எங்களைப் பற்றி, தொட்டி விழுந்தால்தான் ஊர் பேசும். நிற்கும்போதே பேசிய முதலாளி அவர் ஒருவர்தான்.

லாரிக்கு வழி

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தீபாவளி சீசன். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர் கம்பெனியில், தீயணைக்கத் தண்ணீர் வைக்க ஒரு தொட்டி. இருபதடிக் கால்கள் நான்கு. நடுவில் அவற்றைப் பிணைக்கக் குறுக்குச் சட்டம் வேண்டும் என்றேன். நான் படித்தவன் இல்லை. பழைய தொட்டிகளை அண்ணாந்து பார்த்துக் கற்றது. லோடு லாரி அடியில் போக வேண்டும் என்று அண்ணாச்சி மறுத்தார். ஆர்டர் கைவிட்டுப் போகுமோ என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

“ஏலே, காலு இம்புட்டுத் தடிமனா இருக்கு, அதுக்கு எதுக்கு இடுப்புக்கயிறு?” என்றார்.

பாதித் தொட்டி

சட்டம் இல்லாமலே தொட்டியை ஏற்றி முடித்தோம். மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். தொட்டி நிரம்பியிருக்காவிட்டால் லைசென்ஸ் கிடைக்காது. மோட்டாரைப் போட்டேன். மதியம் பாதி நிரம்பியபோது கால் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கட்டியிருந்த தூக்குக்குண்டு நூலைப் பார்த்தால், ஒரு கால் நடுவில் இரண்டு விரற்கடை வெளியே வளைந்திருந்தது. அடியில், நிழலுக்கு உட்கார்ந்து பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்திருந்தார்கள். அங்கே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை பார்த்த என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. நிரப்பும்போது யாரையும் அடியில் விட்டிருக்கக் கூடாது. விட்டது என் தப்பு.

சத்தம் போட்டு எல்லோரையும் விரட்டிவிட்டு வடிகால் வால்வைத் திறந்தேன். தண்ணீர் இறங்க இறங்கக் கால் நிமிர்ந்தது. தூரத்தில் நின்று மனைவி கேட்டாள்: “வீட்லதான் நிம்மதியாச் சாப்பிட விடமாட்டீக, இங்கனயுமா?”

ராக்கெட் குச்சி

“நாளைக்கு ஆபீசருக்குத் தண்ணியத் தரையிலயா காட்டுறது?” என்று அண்ணாச்சி குதித்தார். நான் இரண்டு ராக்கெட் குச்சிகளை எடுத்தேன். ஒன்றை மேஜைமேல் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினேன்; வில்லாய் வளைந்து முறிந்தது. இன்னொன்றின் நடுவை அவரையே இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லி அழுத்தினேன். நின்றது. இன்னும் அழுத்தினேன். அப்போதும் நின்றது.

லாரி உயரத்துக்குச் சற்று மேலே சட்டம் போட அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். பட்டாசு இருக்கும் இடத்தில் வெல்டிங் பொறி விழக் கூடாது. இரவோடு இரவாகப் பட்டறையிலேயே சட்டங்களுக்குத் துளை போட்டுக் கொண்டுபோய், காலையில் எல்லாவற்றையும் போல்ட்டில் முடுக்கினோம். பெண்களைத் தள்ளி நிற்கவைத்து நிரப்பினேன். தொட்டி விளிம்புவரை நிரம்பியும் நூல் காலைவிட்டு விலகவில்லை. லோடு லாரி அடியில் போய்த் திரும்பியது. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் மறுபடி நிழலுக்கு வந்தார்கள். அண்ணாச்சி தொட்டிக் காலைத் தட்டி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “ஏலே, நான் பிடிச்ச குச்சிதானலே நின்னுச்சு!”

அண்ணாச்சியும் இல்லை, என் மனைவியும் இல்லை. அந்தத் தொட்டியிலிருந்து இதுவரை உதிர்ந்தது பெயிண்ட் மட்டும்தான்.