பேச்சித்தாய் தைக்காமல் விட்ட புத்தகம்

என் மருமகள் பேச்சித்தாய் ஒரு புத்தகத்தைப் படித்துப் பார்க்காமல் தைக்க மாட்டாள். சங்கரன்கோவிலில் வேறெந்த பைண்டிங் கடையிலும் இந்தக் கிறுக்கு கிடையாது. காலேஜ் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு என்றாலும் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்குப் பசை காய்ச்சக்கூடத் தெரியாது. என் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு கடை அவள் கைக்கு வந்தது. மாமியாரான நான் பசை காய்ச்சுகிறேன், நூலுக்கு மெழுகு தேய்க்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. இத்தனை படித்து என்னத்தைக் கண்டாய் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

அப்படிப்பட்டவளை ஒரு சாக்கு காமிக்ஸ் ஆட்டிவைத்துவிட்டது.

கொண்டுவந்தவள் கடையநல்லூர் முபஷ்ஷிரா. துபாயில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போகப்போகிறவள். சாக்கில் இருந்ததெல்லாம் சின்ன வயதிலிருந்து அவள் சேர்த்த புத்தகங்கள். எல்லாமே வானத்துக்கு மேலே நடக்கிற கதை. செவ்வொளியன் என்று ஒருவன். நெஞ்சில் விளக்கு எரிய ஒவ்வொரு கிரகமாகப் போய்ச் சண்டை போடுகிறான். பழைய புத்தகக் கடைகளில் கிடைத்ததைக் கிடைத்தபடி வாங்கியதால், அவள் அந்தக் கதையை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் படித்ததே இல்லையாம்.

“சாக்கோட பிளைட்டுல ஏற முடியாதுல்லா அக்கா. கதை நடந்த வரிசைக்குத் தச்சு, ரெண்டு புத்தகமா ஆக்கிக் குடுங்க. அங்கன போயி முதல்ல இருந்து படிக்கணும்” என்றாள்.

பக்ரீத் கழிந்ததும் பயணம். பேச்சித்தாயும் சரி என்று வாங்கி வைத்துவிட்டாள்.

அட்டையில் நம்பர் இருக்கிறது, அதன்படி அடுக்கினால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அடுக்கிப் பார்த்தால், ஒரு புத்தகத்தில் செத்துச் சாம்பலாய்ப் போனவன் அடுத்ததில் மாலையும் கழுத்துமாக மணமேடையில் நிற்கிறான். இங்கே தமிழில் போட்டவர்கள் வெளிநாட்டுக் கதைகளைக் கைக்கு வந்தபடி போட்டிருக்கிறார்கள் என்று பேச்சித்தாய் கண்டுபிடித்தாள். சரி, தெரிந்தவர்களைக் கேட்போம் என்று செல்போனில் காமிக்ஸ் படிக்கிறவர்களின் குரூப்பில் சேர்ந்தாள். வெளிவந்த தேதிப்படி படி என்றார் ஒருவர். அது தப்பு, கதை நடந்த காலப்படி படி என்றார் இன்னொருவர். செவ்வொளியனே இரண்டு பேர், ஒருவன் வேறொரு அண்டத்துக்காரன், முதலில் அவர்களைப் பிரி என்றார் மூன்றாமவர். பிறகு அவளை விட்டுவிட்டு அவர்களுக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தார்கள்.

கடைத் தரை முழுக்கக் கிரகமாகக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை. காற்றில் பறக்கும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டாள். ரெக்கார்டு நோட்டு கேட்டு வந்த பிள்ளைகள் முறைத்துவிட்டுப் போனார்கள். நான் காய்ச்சி வைத்த பசை புளித்தது.

இதில் இன்னொரு கோளாறு. எங்கள் கடைக்கு முன்பெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள்தான் நிறைய வரும். விளம்பரம், துணுக்கு, வேறு கதை எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டு, தொடர்கதையை மட்டும் சேர்த்துத் தைப்போம். கை அதற்கே பழகிப்போய்விட்டது. சாக்கை அவிழ்த்த அன்றைக்கே, ஒவ்வொரு காமிக்ஸின் கடைசியிலும் இருந்த வேறு ஒரு குட்டிக் கதையைப் பேச்சித்தாய் படித்துக்கூடப் பார்க்காமல் அறுத்துப் போட்டிருந்தாள். ஒற்றைக் கண்ணுக்காரி ஒருத்தி விண்கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கதை அது.

ஒரு நாள் குரூப்பில் யாரோ விவரம் சொன்னார்கள். செவ்வொளியன் சண்டை போட்டு முடித்த கிரகத்துக்குத்தான் கதைப்படி அடுத்த புத்தகத்தில் அந்தச் சரக்குக்காரி போவாளாம். அவள் போகிற வழியைப் பிடித்துக்கொண்டே போனால் வரிசை தானாகக் கிடைத்துவிடுமாம்.

பேச்சித்தாய் செல்போனைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“அத்தே, அறுத்துப் போட்ட தாளெல்லாம் எங்க?”

“பாதி ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள்ள கனத்துக்கு ஒட்டியாச்சு. மிச்சம் கூடையில கெடக்கு.”

கூடையில் கிடந்ததில் எது எந்தப் புத்தகத்தின் தாள் என்று ஒரு அடையாளமும் இல்லை. கையால் கிழித்திருந்தாலாவது ஓரம் பொருந்தும். இவளோ ஸ்கேல் வைத்துக் கத்தியால் அறுப்பவள். ஒட்டி முடித்த ரெக்கார்டு நோட்டு அட்டைகளை நனைத்து உரித்துப் பார்த்தாள். சரக்குக்காரியின் முகம் மட்டும் வந்தது. அவள் பேசியதெல்லாம் பசையோடு போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, நம்பர் வரிசைக்கே தச்சுத் தள்ளு. அவ துபாய்ல இருந்து வந்து ஒன்னயக் கேக்கவா போறா?”

“தச்சுட்டா அதான் வரிசைன்னு ஆயிரும் அத்தே. தப்புன்னு தெரிஞ்சே என்னால ஊசி போட முடியாது.”

பக்ரீத்தும் வந்துபோனது. முபஷ்ஷிரா வந்து நின்றாள். பேச்சித்தாய் எதையும் மறைக்கவில்லை. கூடையையும், உரித்த அட்டையையும் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் கூடையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். திட்டிவிட்டுப் போனாலும் தேவலை என்றிருந்தது எனக்கு. கடைசியில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள்.

“இத நான் எப்பவும் தள்ளிட்டுத்தான் போவேன் அக்கா. ஒரு தடவ கூடப் படிச்சதில்ல” என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் தாளின் பழுப்பைப் பார்த்தும், அச்சின் மங்கலைப் பார்த்தும் சேர்த்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பொருந்தியது. மற்றதெல்லாம் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்ற கதைதான். அவள் ஊருக்குப் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் பேச்சித்தாய் தைக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை. ஓரத்தில் துளை போட்டு, மேலும் கீழும் காலிகோ துணி ஒட்டிய அட்டை வைத்து, ஃபைலுக்குப் போடுகிற டேக் நூலால் முடிந்து கொடுத்தாள். கூடைத் தாள்களும் தனிக் கட்டாகப் போயின.

“இதுக்குப் பேரு பைண்டிங்கா? தாலுகா ஆபீஸ் கட்டு மாதிரில்லா இருக்கு” என்றேன்.

“வரிசை புரிஞ்ச அன்னைக்கு வந்து தச்சுக்கிடட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

இப்போது துபாயிலிருந்து முபஷ்ஷிராவின் குரல் செல்போனில் வந்துகொண்டே இருக்கிறது. பனிக் கிரகத்துக் கதையைச் செவ்வொளியன் கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிட்டாளாம். மறுபடி பின்னால் கொண்டுபோய்விட்டாளாம். முதல் புத்தகம் எது என்று இரண்டு பேருக்கும் இன்னும் தெரியவில்லை. தைக்கிற வேலையைப் போட்டுவிட்டு இவளும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ஒரு அண்ணாச்சி பழைய தொடர்கதைக் கட்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரத்தை அறுக்கலாம் என்று நான் கத்தியை எடுத்தேன். பேச்சித்தாய் கத்தியை என் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். பல்பொடி விளம்பரத்தையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டுமாம்.

பசை ஆறிக்கொண்டிருக்கிறது.