டிரைவர் சீட்டில் யாருமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணைச் சொருகுகிற நேரம். மகள் கவிதா டி.வி.யில் ஒரு பேய்ப் படத்தைப் போட்டுவிட்டு, தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் ஒரு கறுப்புக் கார். டிரைவர் சீட்டில் யாருமே இல்லை. ஆனால் ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. வயலின்காரர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து அலறுகிறார்கள். கதாநாயகி செருப்பை உதறிவிட்டு ஓடுகிறாள்...

நான் சிரித்துவிட்டேன்.

"ஏம்மா, இதுக்குப் போயி சிரிக்கறீங்க?" என்று திரும்பினாள் கவிதா. என் முகத்தைப் பார்த்ததும் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். சிரித்துக்கொண்டிருந்த கண்ணில் தண்ணீர் இருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பீஸில் ஓட்டை, கறை, கோணல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. ஆனால் என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே நான் எழுதியதே இல்லை. மூன்று வருஷமாக எழுத உட்காருவேன், வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அவர் வேன் டிரைவர். சேவூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குக் கம்பெனி வேன் ஓட்டினார். காலையில் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று, என்னையும் சேர்த்து வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். வெள்ளை வேன், சொந்த வண்டி. மனிதருக்கு இரண்டே பைத்தியம். ஒன்று அந்த வேன், இன்னொன்று பேய்ப் படம்.

பேய்க்காகப் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். வண்டிக்காகப் பார்ப்பார்.

"அந்தப் பேய் கிளட்சை அமுத்தாமயே கியர் போடுது பாரு அம்மிணி. கியர் பாக்ஸ் போயிரும்" என்பார். எங்கள் பக்கத்தில் பெண்களை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே பாழடைந்த பங்களா, அதற்குச் சரியாக இருபதடி முன்னால் வந்து கார் நின்றுபோகும் அல்லவா? எந்தப் படமாக இருந்தாலும் அங்கேதான் நிற்கும். இவருக்கு ரத்தம் கொதிக்கும். "இத்தனை தூரம் வர்றவன் ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்துட்டு வரமாட்டானா? இவனெல்லாம் சாகட்டும், உடு!"

கண்ணாடியில் பின்சீட்டு உருவம் தெரிகிற காட்சி வந்தால், "எத்தனை பேர் ஏறியிருக்காங்கன்னு எண்ணாம எவனாச்சும் வண்டிய எடுப்பானா?" என்று கேட்பார். பின்னாலேயே துரத்துகிற லாரி வந்தால், லோடு ஏற்றியிருக்கிறானா காலி வண்டியா என்று ஆராய்ச்சி. தானாக ரேடியோ பாடுகிற ஜீப், முன்னால் நிற்பவனை மோதிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிற கார் — எதையுமே அவர் வில்லனாக ஏற்றுக்கொண்டதில்லை. "வண்டி மேல தப்பில்ல" என்பதுதான் எல்லாப் படத்துக்கும் அவர் சொல்கிற தீர்ப்பு.

எனக்கு எரிச்சலாக வரும். நிம்மதியாகப் பயப்படக்கூட விடமாட்டார் மனிதர்.

டிரைவரே இல்லாமல் ஓடுகிற வண்டி என்றால் மட்டும் கண்ணைக் கொட்டாமல் பார்ப்பார். "டிரைவர் போனாக்கூட வண்டி ட்ரிப்பை நிறுத்தல பாரு அம்மிணி. அதான் வண்டி" என்று சொல்வார். அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வேனே ஒருநாள் பேய்ப் படம் ஓட்டியது. அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் அவர் மன்னிக்கமாட்டார்.

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் கேட்டார். கட்டிங்கில் மிஞ்சுகிற துணித் துண்டுகளைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். திருப்பூரில் வண்டி துடைக்க, மிஷின் துடைக்க, மூக்குத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நான் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போனேன். எல்லாம் சிவப்பு. தண்ணீர் பட்டால் சாயம் போகிறது என்று எங்கள் டேபிளிலேயே நிறுத்திய லாட் அது. நிறுத்தியவளே நான்தான்! துடைக்கத்தானே, இது போதும் என்று நினைத்தேன்.

அவர் துடைத்ததோடு விடவில்லை. வேன் கூரையில் காற்றுக்கு ஒரு மூடி இருக்கும். மழையில் அது ஒழுகும். மிச்சமிருந்த துணியையெல்லாம் அதன் இடுக்கில் திணித்து அடைத்துவிட்டார். எனக்குத் தெரியாது.

பூஜை முடிந்த மறுவாரம், காலை ட்ரிப். அவிநாசி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்த மூடிக்கு நேர் கீழே, எங்களோடு வேலைக்கு வருகிற சரசக்கா. நெற்றியில் ஏதோ சொட்டியது. தொட்டுப் பார்த்தார். விரல் சிவப்பு. அண்ணாந்து பார்த்தார். கூரையிலிருந்து சிவப்பாக ஒழுகி ஜன்னல் கம்பி வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ சாமீ... என்ர மண்டை ஒடஞ்சு போச்சு!"

இருபது பெண்கள் ஒரே நேரத்தில் அலறினால் எப்படி இருக்கும்? வயலினெல்லாம் தேவையே இல்லை. அவர் பிரேக் அடித்தார். திரும்பிப் பார்த்தார். பேய்களுக்கெல்லாம் டிரைவிங் சொல்லிக் கொடுத்த மனிதர், கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக ரோட்டில் குதித்தார்.

"ஏனுங்க, ரத்தமில்லீங்க! கலர் போவுதுங்க! அது எங்க ரெட் லாட்டுங்க!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தியது அவிநாசி வரைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம் ஸ்டாப்பில் நிற்கிற பெண்களுக்கெல்லாம் எங்கள் வேன் 'பேய் வண்டி' ஆகிவிட்டது. "பேய் வண்டி போயிருச்சாங்க்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

டிரைவருக்கு இடது பக்கத்து முன்சீட்டு என்னுடையது. திட்டுவதற்கு வசதியான இடம். வளைவில் வேகமாகத் திருப்பினால், செல்போன் எடுத்தால், சும்மா ஹாரன் அடித்தால் உடனே திட்டுவேன். பதிலே வராது. அரைச் சிரிப்பு ஒன்று வரும், அவ்வளவுதான். அந்த அரைச் சிரிப்பை இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. 'பார்த்துக்கோ' என்றோ 'வர்றேன்' என்றோ எதுவுமே இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கூட வாசலில் நின்று ஏதாவது முனகிவிட்டுத்தானே போவார்? இவர் அதுகூட இல்லாமல் போய்விட்டார்.

வேன் மூன்று மாதம் வாசலிலேயே நின்றது. இப்போது நான் சொல்லப்போவது கவிதாவுக்கே தெரியாது. வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் தினமும் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை படம் பார்த்தோமே... ஒரே ஒரு தடவை தானாக ஹெட்லைட் எரியாதா? ஒரு ஹாரன் கேட்காதா? வைப்பராவது ஆடாதா? முப்பது வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பாதித்த கண் இது. வண்டியில் ஏதாவது ஒரு கோளாறு தெரியாதா என்று அந்தக் கண்ணால் தேடினேன். ஒன்றும் இல்லை. டயரில்தான் காற்று இறங்கிக்கொண்டே போனது.

பேய்ப் படம் பார்க்கிறவர்களில் பேய் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம். வரமாட்டாரா என்று ஏங்குகிறவர்களும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். எங்களுக்காக யாரும் படம் எடுப்பதில்லை.

வண்டி நின்று நின்று வீணாகிறதே என்று கவிதா சொன்னாள். அவிநாசிபாளையத்தில் வேன் ஓட்டுகிற தங்கவேல் வந்து கேட்டார். கொடுத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை — அந்தப் படம் பார்த்த இரண்டாவது நாள் — செக்கிங் டேபிளில் இருக்கும்போது தங்கவேலிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு போச்சுங்க. வண்டி பழசாச்சுன்னு மறுபடி குடுக்கமாட்டீங்கறாங்க. இனி ரோட்டுல ஓட்ட முடியாதுங்க. நாளைக்கு ஒடைக்கறதுக்குக் குடுத்தர்றேனுங்க. அண்ணன் வண்டியாச்சே... உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணுச்சுங்க."

கையிலிருந்த பீஸை வைத்துவிட்டேன். மனதில் ஒன்றுதான் ஓடியது. அந்த வண்டியில், என் சீட்டில், ஒரே ஒரு தடவை போகவேண்டும். வண்டியை உடைத்துவிட்டால் அது நடக்கவே நடக்காது.

மறுநாள் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தங்கவேல் ஷெட்டில் வேன் நின்றது. பெயின்ட் வேறு, சீட் கவர் வேறு, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகர்கூட வேறு. அவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அங்கே ஒரு அடையாளமும் இல்லை.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா, தங்கவேலு?" என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "இஞ்சின் எறக்கியாச்சுங்க்கா. பேட்டரியும் கழட்டிட்டேனுங்க. ரோட்டுல ரெக்கவரி லாரி நிக்குது. அதுவரைக்கும் தள்ளித்தான் கொண்டுபோவோணும்."

தள்ளுவதற்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பீகார்க்காரர்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபம். இத்தனை தூரம் வந்துவிட்டு, வெறும் கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா?

"அப்ப நான் உள்ளார உக்காந்துக்கறேன். நீங்க தள்ளுங்க."

"அக்கா... பாரமாயிருமுங்களே..."

"தங்கவேலு, என்ர வெய்ட்டு அந்த இஞ்சின் அளவுக்கு இருக்காது. தள்ளுங்க."

கதவைத் திறந்து இடது பக்க முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு பேரும் கை வைத்தார்கள். தங்கவேல் வலது பக்கம் வெளியே நடந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவராகவும் உட்காரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

வண்டி நகர்ந்தது.

இஞ்சின் சத்தம் இல்லை. பக்கத்து சீட் காலி. ஸ்டியரிங் மட்டும் மெதுவாகத் திரும்புகிறது. நான் தங்கவேலின் கையைப் பார்க்காமல் காலி சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதைத்தானே எல்லாப் படத்திலும் பார்த்து அலறுகிறார்கள்? எனக்குப் பயமே வரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் உடம்பு லேசாக இருந்தது. ஷெட் வாசலில் ஒரு வளைவு. வண்டி கொஞ்சம் வேகமாகத் திரும்பியது.

"பாத்துங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது.

"சரிங்க்கா" என்றார் தங்கவேல் வெளியிலிருந்து. நான் அவரைச் சொல்லவில்லை.

மொத்தம் ஐம்பதடி இருக்கும். இன்னும் ஐம்பதடி கிடைக்காதா என்று மனம் பறந்தது. ஆனால் ரோடு வந்துவிட்டது. இறங்கினேன். கதவை மெதுவாகச் சாத்தினேன். அறைந்து சாத்தினால் அவருக்குப் பிடிக்காது.

வேனைச் சங்கிலி போட்டு லாரி மேல் ஏற்றிக் கட்டினார்கள். லாரிக்காரர் பெரியவர், நரைத்த மீசை. ஸ்டார்ட் செய்தார். அப்போதுதான் உறைத்தது, இந்த மூன்று வருஷமும் நான் ஏங்கியது எதற்கு என்று. ஹெட்லைட்டுக்கும் இல்லை, ஹாரனுக்கும் இல்லை. வாசலில் நின்று அவரை வழியனுப்ப முடியாமல் போனதற்குத்தான்.

லாரி நகரும்போது மேலே நின்ற வேனைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே, "போயிட்டு வாங்க" என்றேன்.

லாரிக்காரர் தன்னைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சரி அம்மிணி, வர்றேன்" என்றார்.

யார் சொன்னால் என்ன... கேட்டுக்கொண்டேன்.