புதுச் சிப்பில் ரவியின் பெயர்

யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் நாங்கள் கூடும் வீடியோ கேம் கடையில் மெஷின் பழுதானால், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லி மனிதர். கழுத்தில் சிலுவை, கையில் சாமான்கள் நிறைந்த பிஸ்கட் டின். எந்தச் சிப்பைத் தொடுவதற்கு முன்னும் ஜன்னல் கம்பியை ஒருமுறை பிடித்துவிடுவார். உடம்பில் தங்கும் மின்சாரம் சிப்பைக் கொன்றுவிடுமாம். அவர் கேம் விளையாடி நான் கண்டதில்லை.

அன்று விமானம் சுடும் மெஷின் நின்றுபோயிருந்தது. அதிக ஸ்கோர் எடுத்தவர்களின் பெயர்களை வைத்திருக்கும் சிப், பற்றரி கசிந்து அரித்துப்போயிருந்தது. அந்தப் பட்டியலின் உச்சியில் மாதக்கணக்காக இருந்தது ரவியின் பெயர். எங்களோடு விளையாடியவன். ஒரு நாள் காலை ஆமிக்காரர் தெருவைச் சுற்றிவளைத்து, தங்கியிருந்த லொட்ஜிலிருந்து அவனைக் கொண்டுபோனார்கள், அவன் திரும்பி வரவில்லை.

"மாத்தாம ஏலாதா அண்ணே? ரவியின்ட பேர் போயிடும்," என்றேன்.

"சிப் செத்துட்டுது தம்பி. பேர் எப்பவோ போயிட்டுது."

கம்பியைப் பிடித்துவிட்டு, புதியதைப் பொருத்தினார். திரையில் பட்டியல் வெறுமையாக வந்தது. பிறகு அவரே நின்று விளையாடினார். கண் மூடித் திறப்பதற்குள் தோற்றார். வெறும் பட்டியலில் அதுவே முதலிடம். மெஷின் பெயர் கேட்டபோது, ரவி என்று பதிந்தார். ரவியை அவர் ஒருமுறையாவது கண்டிருப்பாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

"இவ்வளவு மோசமான ஸ்கோரா? ரவி கண்டா சண்டைக்கு வருவான் அண்ணே."

"வரட்டும் தம்பி," என்றார். "வந்து சண்டை பிடிக்கட்டும்."