கமக்கட்டில் தேசிக்காய்

இன்று என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வியர்வை மணத்துக்குக் கடையில் வாங்கிக் கைக்கு அடியில் பூசுவதெல்லாம் எனக்குக் கமக்கட்டில் கடிக்கும். அதனால் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, வெட்டிப் பாதியைத் தேய்த்தேன். அந்த மணத்தோடு அப்பா நினைவில் வந்துவிட்டார்.

குருநகர் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்பா இப்படித்தான் தேய்த்தார். கடலுக்குப் போகிறவரின் உடம்பில் மீன் மணம் லேசில் போகாது.

"இன்னும் மணக்குதோ பிள்ளை?"

"கொஞ்சம் அப்பா."

மற்றப் பாதியையும் தேய்த்தார்.

வந்தவர்களுக்கு முன்னால் கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணியைக்கூட எட்டி எடுக்கவில்லை. இது என்ன மரியாதை என்று நினைத்துச் சம்பந்தத்தைக் குழப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். பிறகுதான் பார்த்தேன், மாப்பிள்ளையின் தகப்பனும் அப்படியேதான் இருந்தார். அவரும் கடல் தொழிலாளிதான். அப்பாவின் பக்கம் மணந்து பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"தேசிக்காயோ அண்ணை?"

"ஓம். நீங்களுமோ?"

"விடியவே மனுசி வெட்டித் தந்தவ. கையை நீட்டுங்கோ அண்ணை, தேத்தண்ணி ஆறுது."

இருவரும் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள். அக்காவின் கலியாணம் அந்த இடத்திலேயே சரிவந்தது.

வாசலில் வாகனம் வந்து நிற்கிறது. வருகிறவர்களில் ஒருவரிலாவது தேசிக்காய் மணக்க வேண்டும், மாதாவே.