ஒருமுனை மின்சாரத்தில் ஓடிய லேத்

பட்டறை மோட்டார்களுக்கு வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்துவது என் தொழில்; மோட்டார் சொன்னபடி கேட்கும், மோட்டாரின் சொந்தக்காரர் கேட்கமாட்டார் என்பதை இத்தொழிலில் அவதிப்படும் நீங்களும் அறிவீர்கள்.

சார் எங்கே?

சீர்காழிக்கு அருகில் ஒரு கிராமத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் குமாரவேல். பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் ஷாஃப்ட் கடைந்து தருபவர். பண்ணையாளாக இருந்த அவருடைய தாத்தா குடியிருந்த மனை, சட்டப்படி குடும்பத்துக்கு வந்தது. பண்ணை வீட்டு வாரிசான நாராயணசாமி அதை ஏற்கவில்லை. வழக்குத் தொடுத்தார், பட்டறைக்கு மும்முனை இணைப்புத் தரக்கூடாதென்று மின்வாரியத்தில் ஆட்சேபமும் கொடுத்தார். ஆட்சி மாறினால் இணைப்பு வரும் என்றார்கள். ஆட்சி மாறியது, கொடிக்கம்பத்துக்குப் புதுப் பெயிண்ட் மட்டும் வந்தது. லேத் மோட்டாரோ மும்முனையில்தான் ஓடும். வாடகை ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தார். வருமானத்தை டீசல் குடித்தது. பட்டறையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். போனால், குடியிருக்கவில்லை என்று வழக்கில் மனையும் போகும்.

ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்கு மும்முனையாகத் தரும் டிரைவுடன் ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். குமாரவேல் எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்து, “சார் பின்னாடி வர்றாருங்களா?” என்றார். படித்தவளும் நானே, பொருத்தப் போகிறவளும் நானே, சார் எவரும் இல்லை என்றேன். அவர் மனைவி மல்லிகா பெட்டியை வாங்கி வைத்தார். “அவரு இரும்பைத் தவிர எதையும் நேரா பாக்க மாட்டாருங்க. நீங்க வேலையப் பாருங்க.”

எந்தப் பக்கம்?

மோட்டாரின் உள் இணைப்பை மாற்றிக் கட்டி, டிரைவின் குமிழை மெல்லத் திருப்பினேன். பல மாதங்களாக நின்றிருந்த லேத் சுழன்றது, எதிர்த்திசையில் சுழன்றது. மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் தீரும் விஷயம் அது. ஆனால், சார் வந்திருக்கலாம் என்ற எண்ணம் குமாரவேலின் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. மல்லிகா லேத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “எந்தப் பக்கம் சுத்துனா என்னங்க, சுத்துதுல்ல.”

ஈரச் சாக்கு

மோட்டார் கொதிக்கிறது என்று ஒரு நாள் போன் வந்தது. வேகத்தைக் குறைக்கும் வித்தை கைக்குக் கிடைத்ததும், குமாரவேல் எல்லா வேலையையும் மிகக் குறைந்த வேகத்திலேயே செய்யத் தொடங்கியிருந்தார். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் தவழ்ந்தால் விசிறியும் தவழும். நான் போய்ப் பார்த்தபோது, மோட்டாரின் மேல் நெல் சாக்கை நனைத்துப் போர்த்தியிருந்தார்.

மின்சாரத்துக்கு ஈரத்துணி போடுகிற மனிதருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். மரியாதை குறையாமல் சொன்னேன் என்று கூறமாட்டேன். பிறகு தனி விசிறி ஒன்றை மாட்டி, மெதுவான வேலைக்கு மோட்டாரின் வேகத்தைக் குறைக்காமல் பெல்ட்டை மாற்றிப் போடச் சொன்னேன். சாக்கைச் சுருட்டியபடியே அவர் முணுமுணுத்தார். “ஆயில் இன்ஜினுக்கு இப்படித்தாங்க போடுவேன். அது ஒரு நாளும் திட்டுனதில்ல.”

வாசலில் நின்றவர்

நடவு முடிந்த சமயம். வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை. பம்புசெட்டை நம்பியே வயல்கள் இருந்தன. மும்முனை மின்சாரமோ முறை வைத்து வந்தது. சுற்றுவட்டப் பட்டறைகள் எல்லாம் அந்த முறைக்காகக் காத்துக்கிடந்தன. ஒருமுனையில் ஓடிய லேத் குமாரவேலுடையது ஒன்றுதான். விசிறியைச் சரிபார்க்க நான் போயிருந்த அன்று, முறிந்த பம்புசெட் ஷாஃப்ட்டுடன் நாராயணசாமி வந்தார். உள்ளே வராமல் சாலையிலேயே நின்றார். “கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும். ஷாஃப்ட் எப்பக் கிடைக்கும்?”

குமாரவேல் போய் ஷாஃப்ட்டை வாங்கிவந்து லேத்தில் பூட்டினார். பதிலை மல்லிகா சொன்னார். “பட்டறை இங்கயே இருந்தா சாயந்திரம் கிடைக்கும்ங்க. திருப்பூருக்குப் போயிட்டா, நீங்க அங்கதான் வரணும்.”

அந்தப் போகம் அறுவடையாகும் முன்பே ஆட்சேபம் திரும்பப் பெறப்பட்டு மும்முனை இணைப்பும் வந்துவிட்டது, வழக்கு மட்டும் தொடர்கிறது; என் டிரைவ் இப்போது வேகத்தை மாற்ற மட்டுமே பயன்படுகிறது, அதாவது, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு.