சுவரைப் பார்த்த அந்தோனியார்

மலேரியாக் காலத்தில், வேலை தேடி அலைந்துவிட்டு நாவற்குடா வீட்டுக்குத் திரும்பியபோது என் மகளை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள். மகளின் காய்ச்சல் மாறும்வரை என்று மனைவி அந்தோனியார் சொரூபத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். கேட்டது கிடைக்கும்வரை அவரைத் தண்டிப்பது எங்களவர் வழக்கம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாவியில் எறிய அவரைத் தூக்கினேன்.

"அவரக் கீழ வையுங்க. நான் இன்னும் ஏசி முடிக்கல்ல," என்றாள் மனைவி.

"ஏசினா புள்ள வருவாளா?"

"வரமாட்டாள். அதுக்காக அவர சும்மா விடுறதா?"

என் கையிலிருந்து அவரை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்து ஏசத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் அமர்ந்து ஏசினேன். எத்தனையோ கோயில்களில் முழந்தாளிட்டிருக்கிறேன். மனதாரச் செபித்தது அன்றுதான். மகளைக் கொண்டுபோனதை ஆண்டவருக்கு இன்னும் நான் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறேன்.